போக ஒரு பிடி, வர ஒரு பிடி

அப்பா இப்போது குளியலறைக்குத் தனியாகப் போய்த் தனியாக வருகிறார். நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன். உள்ளே போய்க் கை கொடுப்பதில்லை. இந்த நிலைக்கு வருவதற்குள் மூன்று கைப்பிடிகள், உயர்த்திக் கட்டிய ஒரு கொமட், வீட்டில் தைத்த இடுப்புப் பட்டி, கட்டிலுக்கு நான்கு மரக்கட்டைகள் என்று நிறைய வேலை நடந்துவிட்டது. சில வேலைகள் முதலில் பிழையான இடத்தில் நடந்தன. அவற்றையும் சேர்த்தே எழுதிவைக்கிறேன். இதே நிலையில் உள்ள வீடுகள் எங்கள் தொடர்மாடியிலேயே பல உண்டு. கடையில் வாங்கும் கைப்பிடியோடு வரும் தாளில் இந்த விஷயங்கள் எதுவும் இல்லை.

அப்பாவுக்கு 78 வயது. பாரிசவாதம் வந்து இடக்கையும் இடக்காலும் தளர்ந்தன. கால் ஓரளவு திரும்பிவிட்டது. நான்கு முனை ஊன்றுகோலோடு நடக்கிறார். கை இன்னும் மடியில்தான் கிடக்கிறது. வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவே, மூன்றாம் மாடியில் இருக்கிறது.

வைத்தியசாலையிலிருந்து வந்த புதிதில் அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். கேட்டால் தாகம் இல்லை என்றார். மகள் கழிவறைக்குள் வந்து சாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவரால் தாங்க முடியாத விஷயம். "பிள்ளை, நீ வெளியில் நில், கதவைச் சாத்து" என்று சொல்வார். ஆனால் சாத்தினால் எழும்ப முடியாது. மலச்சிக்கலும் சிறுநீர் எரிவும் வந்த பிறகுதான் எனக்குக் காரணம் விளங்கியது. மருந்து வாங்கிக் கொடுத்ததோடு நிற்காமல், அந்தக் கதவை அவர் நிம்மதியாகச் சாத்தக்கூடிய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று நானும் கணவரும் தீர்மானித்தோம்.

வேலையைக் கட்டிலில் தொடங்கினோம். குளியலறைப் பயணம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பழைய கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அவர் மல்லாந்து படுத்தால் வலப்பக்கம் சுவர், இடப்பக்கம் அறை. ஒவ்வொரு முறையும் தளர்ந்த பக்கமாகப் புரண்டு, பிடிப்பில்லாத கையை ஊன்றி எழும்ப வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் அறைக்குள் நுழைந்ததும் சொன்ன முதல் விஷயம், தலைமாட்டை மற்றப் பக்கம் மாற்றுங்கள் என்பதுதான். தலையணையை எடுத்துக் கால்மாட்டில் வைத்தோம், வலப்பக்கம் திறந்துகொண்டது. இப்போது வலப்பக்கமாகப் புரண்டு, கால்களைக் கீழே விட்டு, வலது முழங்கையை ஊன்றி எழுந்து உட்காருகிறார். ஒரு சதமும் செலவில்லாத மாற்றம். இந்த வேலைகள் எல்லாவற்றிலும் அதிகப் பலன் தந்ததும் அதுதான்.

அடுத்தது உயரம். உட்கார்ந்தவரின் பாதம் தரையில் முழுதாகப் படிய வேண்டும். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். தரையிலிருந்து முழங்கால் மடிப்பின் பின்பக்கம் வரை அவருக்கு 17 அங்குலம். கட்டிலை மெத்தையோடு அளந்தபோது 16 அங்குலம் இருந்தது. இரண்டு அங்குலம் உயர்த்தினால் போதும் என்று நினைத்தோம். ஆனால் அது தும்பு மெத்தை. அவர் ஓரத்தில் உட்கார்ந்ததும் இரண்டு அங்குலம் அமிழ்ந்துவிடுகிறது. ஆளை உட்கார வைத்து அளந்தால் 14 அங்குலம்தான். ஆகவே நான்கு அங்குலக் கட்டைகள் தேவைப்பட்டன. முதலில் வைத்துப் பார்த்த செங்கல்கள் டைல் தரையில் நகர்ந்தன. பிறகு மரக்காலையில் மஹோகனித் துண்டுகள் வாங்கி, ஒவ்வொன்றின் மேற்பக்கத்திலும் கட்டில் கால் இறங்கி உட்காரும்படி ஓர் அங்குல ஆழத்துக்குக் குடைவித்தோம். குடைந்த பள்ளத்தின் அடியிலிருந்து தரைக்கு நான்கு அங்குலம் இருக்க வேண்டும் என்பதால் கட்டையின் முழு உயரம் ஐந்து. அடியில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினேன். கட்டில் அசையவில்லை.

இடுப்புப் பட்டி என் தையல் இயந்திரத்தில் உருவானது. வைத்தியசாலையில் தாதி அப்பாவின் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டியைக் கட்டி, அதைப் பிடித்து எழுப்பியதைப் பார்த்திருந்தேன். புறக்கோட்டையில் பை தைப்பவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் இரண்டு அங்குல அகலப் பருத்தி நாடா இரண்டு யார் வாங்கினேன். அதை இரட்டையாக மடித்துத் தைத்தால் ஊசி உடைகிறது. ஒற்றையாகவே வைத்து, பற்கள் உள்ள இரும்புக் கொளுக்கியைச் சேர்த்தேன். பிளாஸ்டிக் கொளுக்கி வேண்டாம். கொளுக்கி சேரும் இடத்தில் சதுரமாக ஒரு தையல், அதற்குள் மூலைக்கு மூலை குறுக்காக ஒரு தையல். இரண்டு விலாப் பக்கமும், முதுகின் நடுவிலும் கை நுழையும் அளவுக்கு வளையங்கள். 18 இலக்க ஊசியும் தடித்த பொலியெஸ்டர் நூலும் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம்.

பட்டியை உடுப்பின் மேல், இடுப்பில், இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்க வேண்டும். பிடிக்கும்போது உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, கீழிருந்து வளையத்துக்குள் விரல்களை விட வேண்டும். எழுப்பும் முறையைப் பிசியோதெரபிஸ்ட் என்னையே கட்டிலில் உட்கார வைத்துக் காட்டினார். ஆள் ஓரத்துக்கு நகர வேண்டும். பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வர வேண்டும். மூக்கு கால் விரல்களுக்கு நேரே வரும்வரை முன்னால் சாய வேண்டும். அப்படிச் சாய்ந்தாலே பின்பக்கம் தானாகத் தூக்கிக்கொள்ளும். என் முழங்காலால் அவருடைய இட முழங்காலுக்கு முன்னால் தடை கொடுக்கிறேன், அது மடிந்துவிடாமல். எழும்புவதற்கு முன் ஓரத்தில் ஓரிரு நிமிடம் சும்மா இருத்துகிறேன். படுத்தவர் சடாரென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். கதிரைக்கு மாற்றும்போது கதிரையை அவருடைய வலப்பக்கம் வைக்க வேண்டும், நல்ல பக்கமாகத் திரும்புவது இலகு.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தளர்ந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. அக்குளில் கைவிட்டுத் தூக்கவும் கூடாது. பாரிசவாதத்தில் தோள் மூட்டைத் தாங்கும் தசைகள் சோர்ந்துவிடுவதால் மூட்டு கீழிறங்கிவிடும், பிறகு மாதக்கணக்கில் வலிக்கும். வருகிற உறவினர்கள் பாசத்தோடு செய்யும் முதல் காரியம் கையைப் பிடித்து எழுப்புவதுதான். நான் வாசலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சாரம் ஒரு தனிப் பிரச்சினை. பட்டியை இறுக்கி எழுப்பும்போது சாரத்தின் கட்டு நெகிழ்ந்து கீழே போய்விடும். அவர் ஊன்றிய கையை எடுத்துச் சாரத்தைப் பிடிப்பார். கட்டுக்குப் பதிலாக மேல் ஓரத்தில் இலாஸ்டிக் வைத்துத் தைத்தேன். நீளத்தில் மூன்று அங்குலம் வெட்டி மடித்தேன், ஓரம் பாதத்துக்குக் கீழே அகப்படாதிருக்க. காற்சட்டைக்கு மாறச் சொல்லி நாங்கள் வற்புறுத்தவில்லை. இடக்காலை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது வலக்காலை முதலில் எடுக்க வேண்டும். எந்த உடுப்புக்கும் இதுதான் ஒழுங்கு.

இனிக் குளியலறை. ஐந்தடிக்கு ஏழடி. கதவைத் திறந்து நுழைந்தால் வலப்பக்கச் சுவரில் எதுவும் இல்லை. இடப்பக்கச் சுவரில் கைகழுவும் பேசின், அதற்குப் பக்கத்தில் துவாய்க் கம்பி. கடைசியில் கதவைப் பார்த்தபடி கொமட். அதன் பின்சுவருக்கு மறுபக்கம் படுக்கையறை. கொமட் வலப்பக்கச் சுவரோடு ஒட்டியிருக்கிறது.

கடையில் ஒரு கைப்பிடி வாங்கி வந்து, கொமட்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சுவரிலேயே கணவர் பொருத்தினார். உயரம் 34 அங்குலம், புத்தகத்தில் சொல்கிறபடி. சுவர் கொங்கிரீட், பிடி உறுதியாக நின்றது. அப்பா கொமட்டில் உட்கார்ந்து பார்த்தார். கதவைப் பார்த்து உட்கார்ந்தவருக்கு அந்தச் சுவர் இடப்பக்கம். பிடி இருப்பது தளர்ந்த கையின் பக்கத்தில். வலக்கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் எட்டிப் பிடித்தார்; உடல் முறுகியது, எழும்ப முடியவில்லை.

அன்று இரவுதான் எனக்கு முழு விஷயமும் பிடிபட்டது. இரண்டு கையும் உள்ளவருக்குக் குளியலறையில் ஒரு வழிதான். ஒரு கை மட்டும் வேலை செய்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு: போகும் வழி ஒன்று, வரும் வழி இன்னொன்று. நுழையும்போது வலக்கைக்கு எட்டும் சுவர், திரும்பி வரும்போது இடக்கைப் பக்கம் போய்விடுகிறது. ஆகவே ஒவ்வோர் இடத்தையும் இரண்டு தரம் அளக்க வேண்டும், போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம். ஒரு சுவரில் எத்தனை பிடி வைத்தாலும் பாதி வேலைதான் முடியும்.

இப்படி அளப்பதற்கு மகனின் பழைய கரும்பலகைக்கு வாங்கிய நீல வெண்கட்டி உதவியது. அதை இடித்துத் தூளாக்கி அப்பாவின் வலது உள்ளங்கையில் நன்றாகத் தேய்த்தேன். இடுப்புப் பட்டியை மாட்டி, பின்னால் கணவர் வளையத்தைப் பிடித்துக்கொள்ள, ஊன்றுகோல் இல்லாமல் உள்ளே போய் வரச் சொன்னோம். எங்கே பிடிக்க வேண்டும் என்று நாங்கள் எதுவும் சொல்லவில்லை. கை போகிற இடத்துக்குப் போகட்டும் என்று விட்டோம். நாளில் ஒருதரம் என்று சில நாட்கள் இப்படிச் செய்து, ஒவ்வொரு முறையும் கைத்தடம் விழுந்த இடத்தில் ஒட்டு நாடாவில் சிறு துண்டு ஒட்டிக் குறித்தேன்.

வெள்ளை டைலில் நீலத் தடங்கள் தெளிவாகப் பதிந்தன. நுழைந்ததும் வலப்பக்கச் சுவரில், கதவுச் சட்டத்திலிருந்து ஓரடி உள்ளே, 35 அங்குல உயரத்தில் நான்கு விரலும் பரவிய முழுத் தடம். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே இடம். வரும்போது விழுந்த தடங்களைப் பார்த்துத்தான் நெஞ்சு திக்கென்றது. ஒன்று பேசினின் விளிம்பில், கட்டைவிரல் உள்ளே அழுந்தி. இன்னொன்று துவாய்க் கம்பியில். இரண்டு போல்டில் சுவரில் தொங்கும் பேசின் அது. துவாய்க் கம்பியைத் தாங்குவது இரண்டு சிறு திருகாணிகள். ஆளின் பாரம் அவற்றில் ஏறினால் பீங்கானோடு சேர்ந்து அவரும் கீழே வருவார். உங்கள் வீட்டுப் பெரியவர் எதைப் பிடித்து எழும்புகிறார் என்று இன்றே ஒருதரம் பாருங்கள். பேசினும் துவாய்க் கம்பியும் கதவுக் கைப்பிடியும்தான் பெரும்பாலும் அகப்படும்.

கொமட்டில் வலப்பக்கம் திறந்த வெளி என்பதால் தடம் பதிய அங்கே சுவரே இல்லை. அதற்கு வேறு வழி செய்தோம். படுக்கையறையில் கொமட் உயரத்துக்கு ஒரு கதிரையைச் சரிசெய்து, வலப்பக்கம் கனமான ஒரு ஸ்டூலை வைத்து, அதன்மேல் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டினோம். அவர் அதில் உள்ளங்கையை ஊன்றி எழும்ப வேண்டும். பலகை குறைந்தால் உடல் வலப்பக்கம் சாய்ந்தது; கூடினால் தோள் காதுவரை ஏறியது. இருக்கையின் மேலிருந்து ஏழரை அங்குலம் வந்தபோது முகத்தில் சிரமம் இல்லாமல் எழுந்தார். நிமிர்ந்து நிற்பதற்கு 34 அங்குலம் சரி. உட்கார்ந்தவர் ஊன்றி எழும்புவதற்கு அது உயரம் அதிகம்; கதிரைக் கை இருக்கிற உயரம்தான் வேண்டும். கை ஊன்றும் புள்ளி முழங்காலுக்குக் கிட்டத்தட்ட நேரே, நாங்கள் எதிர்பார்த்ததைவிட முன்னால் இருந்தது.

இருக்கையின் உயரத்தையும் முதலில் தீர்க்க வேண்டியிருந்தது. கொமட் இருக்கை தரையிலிருந்து பதினைந்தரை அங்குலம். அவருக்கு 18 அங்குலத்துக்குக் குறையாமல் வேண்டும். நான்கு கால் உள்ள கொமட் கதிரையைக் கொமட்டின் மேல் வைத்துப் பார்த்தோம். இரண்டு கையையும் ஊன்றுபவருக்கு அது நல்ல சாதனம். ஒரு கையை மட்டும் ஊன்றினால் மறுபக்கக் கால்கள் தரையை விட்டு எழும்புகின்றன. தண்ணீர் வடியத் தரை சரிவாக இருப்பதால் ஏற்கெனவே ஒரு கால் ஆடும். அந்தக் கதிரை இப்போது இரவில் கட்டிலுக்குப் பக்கத்தில், கால்கள் சுவரில் முட்டியபடி நிற்கிறது, அவசரத்துக்கு. மேலே மாட்டும் பிளாஸ்டிக் உயர்த்தியையும் கடையில் அசைத்துப் பார்த்துவிட்டு வாங்காமல் வந்தேன்.

மேசன் பாஸ் கொமட்டைக் கழற்றி, கீழே மூன்று அங்குலத்தில் கொங்கிரீட் மேடை போட்டு, வெளியேறும் குழாயை நீட்டி மறுபடி பொருத்தினார். மேடையைக் கொமட்டின் அடிப்பாகத்தின் வடிவத்திலேயே வெட்டிப் போடச் சொன்னது முக்கியம். சதுர மேடை போட்டிருந்தால் அதன் மூலை குதிகாலை இடித்து, பாதத்தைப் பின்னால் இழுக்க விடாது. பாதம் பின்னால் போகாவிட்டால் ஆள் எழும்ப முடியாது. சீமெந்து இறுகும் வரை பக்கத்து வீட்டுக் கழிவறையும் கொமட் கதிரையும்தான். இருக்கை பதினெட்டரை அங்குலத்துக்கு வந்தது. ஊன்றுபிடி 26 அங்குலத்தில் அமைய வேண்டும் என்பதும் முடிவாயிற்று.

அந்தப் பிடி பின்சுவரிலிருந்து முன்னால் 32 அங்குலம் நீண்டு, அங்கே வளைந்து தரைக்கு ஒரு கால் இறங்கும் வடிவம். கொமட்டின் நடுக்கோட்டிலிருந்து 14 அங்குலம் வலப்பக்கம், தண்ணீர்த் தொட்டியை உரசாமல். தரையில் துளையிட நான் சம்மதிக்கவில்லை. மூன்றாம் மாடிக் குளியலறைத் தரையில் நீர் கசியாமல் போட்ட பூச்சைத் துளைத்தால் கீழ்வீட்டு முகட்டில் ஈரம் தெரியும். காலின் முனையில் திருகி உயர்த்தித் தாழ்த்தக்கூடிய பாதம் ஒன்று வைத்து, அது உட்காரும் சிறு உலோகக் கிண்ணத்தை மட்டும் எப்பொக்சிப் பசையால் டைலில் ஒட்டினோம். கால் கீழ்நோக்கிய பாரத்தைத் தாங்குகிறது, பக்கவாட்டு அசைவைக் கிண்ணமும் சுவர்த் தகடும் தடுக்கின்றன.

சுவர்தான் சிரமம் தந்தது. கொங்கிரீட் சுவரில் பிளாஸ்டிக் பிளக்கும் திருகாணியும் நன்றாகப் பிடித்தன. பேசின் பக்கச் சுவரில் அதே முறையில் துளைத்தபோது, டிரில் ஓர் அங்குலத்துக்குப் பிறகு சட்டென்று உள்ளே விழுந்தது. திருகாணியை முறுக்கினால் பிளக்கும் கூடவே சுற்றியது. உள்ளே வெற்றிடம் உள்ள நான்கு அங்குல சீமெந்துக் கல். துளைக்கும் முன் நாணயத்தால் தட்டிப் பார்த்தாலே சத்தம் சொல்லிவிடும். விழும் தூளும் சொல்லும்: சிவப்பு என்றால் செங்கல், சாம்பல் நிறம் என்றால் கொங்கிரீட் அல்லது சீமெந்துக் கல், இடையில் தடை இல்லாமல் போனால் வெற்றிடம். அந்தச் சுவருக்கு வலைக்குழாயும் இரசாயனப் பசையும் வாங்கினோம். குழாயைத் துளைக்குள் வைத்துப் பசையை நிரப்பினால் அது வலைக்கு வெளியே பிதுங்கி வெற்றிடத்துக்குள் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. பசைக் குழாயில் எழுதியிருக்கும் நேரம் முடியும் வரை யாரும் தொடக்கூடாது.

பின்சுவரும் அதே கல்தான். ஆனால் மறுபக்கம் நம்முடைய படுக்கையறை என்பதால், அங்கே பசையை நம்பாமல் சுவரை ஊடுருவி நான்கு கம்பிகளால் கட்டினோம். முன்னால் பிடியோடு சேர்ந்த தகடு, பின்னால் அலுமாரிக்கு மறைவில் 12 அங்குலத்துக்கு 10 அங்குலம், ஆறு மில்லிமீற்றர் இரும்புத் தகடு. நட்டை இறுக்கினால் வெற்றிடக் கல் நொறுங்கிவிடும் அல்லவா? அதற்காக ஒவ்வொரு துளைக்குள்ளும் அரை அங்குல ஜீ.ஐ. (நாகம் பூசிய இரும்பு) குழாய்த் துண்டு வைத்து, அதற்குள் 12 மில்லிமீற்றர் மரைக் கம்பியை விட்டோம். அந்தக் குழாயின் வெளி விட்டம் 21 மில்லிமீற்றருக்குச் சற்று மேல்; 22 மில்லிமீற்றர் துளை சரியாக இருந்தது. சுவரின் தடிப்பைவிட ஒன்றிரண்டு மில்லிமீற்றர் மட்டும் குழாயைக் குறைத்து வெட்டினால் தகடு சுவரையும் கவ்வும், அதற்குமேல் நசுக்கவும் மாட்டாது.

டைலைத் துளைக்கும்போது சுத்தியல் இயக்கத்தை நிறுத்திவிட வேண்டும். குறித்த இடத்தில் ஒட்டு நாடா ஒட்டி, வைரத் துகள் பதித்த வட்டத் துளைப்பானை முதலில் சாய்வாகப் பிடித்துத் தடம் பதித்து, பிறகு மெதுவாக நிமிர்த்தி, மெல்லிய வேகத்தில் துளைக்க வேண்டும். நான் பக்கத்தில் நின்று பஞ்சால் தண்ணீரைச் சொட்டிக்கொண்டிருந்தேன். டைல் முடிந்து சீமெந்து தெரிந்ததும் வாடகைக்கு எடுத்த பெரிய டிரில்லும் சுத்தியல் இயக்கமும். ஒரு டைலும் வெடிக்கவில்லை. ஆனால் குளியலறைப் பக்கமிருந்தே ஊடுருவித் துளைத்ததால் படுக்கையறைப் பக்கப் பூச்சு கையகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. மெல்லிய நீண்ட கம்பியால் வழித்துளை மட்டும் ஊடுருவி, பெரிய துளையை இரண்டு பக்கமிருந்தும் பாதிப் பாதியாகப் போடுவதே முறை.

உலோகத்தைப் பற்றி. முதலில் வாங்கிய கடைக் கைப்பிடியில் சில வாரங்களிலேயே பழுப்புப் புள்ளிகள் வந்தன, திருகாணித் தலையைச் சுற்றி அதிகம். அது 202 வகைத் துருவேறா உருக்கு. கடலோரக் காற்றுக்கு 304 வேண்டும், அதைவிட 316 நல்லது, விலைதான் எட்டவில்லை. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல சாமான் என்று கடையில் சொல்வார்கள். 202 வகையிலும் காந்தம் ஒட்டாது; ஆகவே அந்தச் சோதனை இதைக் காட்டாது. பழைய சோனகத் தெருவில் 304 என்று பில்லில் எழுதித் தரச் சொல்லி ஒன்றேகால் அங்குலக் குழாய் வாங்கி, பாமன்கடையில் ஒரு வெல்டிங் பட்டறையில் வளைத்து ஒட்டினோம். மினுக்கவே வேண்டாம் என்று பட்டறைக்காரரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். பளபளக்கும் குழாயில் சவர்க்காரக் கை வழுக்கும். கீறல் விழுந்ததுபோன்ற மங்கல் பரப்புத்தான் பிடிக்கும். கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை அங்குலம் இடைவெளி போதும். கூடினால் வழுக்கிய முன்கை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும்.

எல்லாம் இறுகிய பிறகு சோதனை. கைப்பிடி ஒன்று 113 கிலோவையாவது தாங்க வேண்டும் என்பது பொதுவான அளவு. கணவர் 82 கிலோ; தண்ணீர் நிரப்பிய 20 லீற்றர் கான் இரண்டையும் தொங்கவிட்டு அவரும் பாரம் கொடுத்தார். தகட்டின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன், கோடு நகரவில்லை. மாதத்தில் ஒருதரம் அந்தக் கோட்டையும் நட்டுகளையும் பார்க்கிறேன்.

இப்போது பயணம் இப்படிப் போகிறது. நுழைந்ததும் வலப்பக்கச் சுவரில் கிடைப்பிடி. அங்கே ஊன்றுகோலைக் கதவுச் சட்டத்தில் உள்ள கொக்கியில் மாட்டிவிடுகிறார். வாசலில் தரை இரண்டு அங்குலம் பள்ளம்; பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் சாய்தளம் போட இரண்டடி வேண்டும், இடமில்லை. விளிம்பில் மஞ்சள் நாடா ஒட்டினேன். இறங்கும்போது இடக்கால் முதலில், ஏறும்போது வலக்கால் முதலில் என்பது அவருக்குப் பழகிவிட்டது. கொமட்டை நெருங்கித் திரும்பும்போது ஊன்றுபிடி கைக்கு வருகிறது, அதையே ஊன்றி உட்காருகிறார், எழும்புகிறார். வரும்போது பேசினுக்குப் பக்கத்தில் 18 அங்குலச் செங்குத்துப் பிடி, நீலத் தடம் விழுந்த இடத்திலேயே. துவாய்க் கம்பியைக் கழற்றிவிட்டோம். அது இருக்கும்வரை கை அங்கேதான் போனது. ஒன்றரை மீற்றர்க் குழாயோடு கைச் சவர் மாட்டியதால் குளிப்பும் அந்த இருக்கையிலேயே நடக்கிறது.

முதலில் வைத்த அந்தப் பழைய கைப்பிடியையும் கழற்றினோம். வேலை செய்யாத பிடி கண்ணில் பட்டால் ஆள் அதை நம்பி எட்டுவார்.

இரவு வேலை கொஞ்சம் உண்டு. உடுப்பு மாற்றும்போது வால் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்க எலும்பு மூன்றையும் பார்க்கிறேன். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளிறி மறுபடி சிவக்க வேண்டும். வெளிறாமலே இருந்தால் படுக்கைப் புண்ணின் தொடக்கம். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, பாரத்தை எடுத்துவிட வேண்டும். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்து இரண்டு குதிகாலும் மெத்தையில் படாமல் விடுகிறேன். நடுவில் ஓட்டை உள்ள வளைய மெத்தை ஒன்று அன்பளிப்பாக வந்தது. அது ஓட்டையைச் சுற்றியுள்ள தசையை அழுத்தி இரத்த ஓட்டத்தைக் குறைக்கும் என்பதால் பயன்படுத்தவில்லை. எழும்ப முடியாமல் முழு நேரமும் படுத்திருப்பவர் என்றால் இரண்டு மணிக்கொரு தடவை புரட்ட வேண்டும்.

விழுந்தால் என்ன செய்வது என்பதையும் பேசி வைத்திருக்கிறோம். உடனே தூக்கக் கூடாது. இடுப்பு வலித்தால், ஒரு கால் குட்டையாகவோ வெளியே திரும்பியோ தெரிந்தால், அசைக்காமல் தலையணை கொடுத்துவிட்டு 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு எடுக்க வேண்டும். இலக்கத்தைப் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

செலவைச் சொல்கிறேன். மரக்கட்டைகள் 3,200 ரூபாய். பட்டிக்கு நாடாவும் கொளுக்கியும் 650. மேசன் பாஸுக்கும் உதவியாளுக்கும் 8,500, சீமெந்து, குழாய் இணைப்பு 4,000. ஊன்றுபிடி, தகடுகள், வெல்டிங் எல்லாம் சேர்த்து 21,000. சிறு பிடிகள் இரண்டும் 13,000. இரசாயனப் பசை 4,800, வைரத் துளைப்பான் 1,400, டிரில் வாடகை 2,000, கைச் சவர் 2,800. ஆக 61,350 ரூபாய். துருப்பிடித்த கடைக் கைப்பிடியின் 3,900 வீண்தான். கொமட் கதிரையின் 14,500 இரவுக்கு உதவுவதால் வீண் என்று சொல்ல மாட்டேன்.

மறுபடி செய்வதென்றால் எந்தக் கடைக்கும் போவதற்கு முன்பே வெண்கட்டித் தூளோடு தொடங்குவேன். ஊன்றுபிடியின் முன்முனையை இன்னும் இரண்டு அங்குலம் நீட்டியிருப்பேன். களைத்த நாட்களில் அவருடைய கை வளைவின் மேல் போய் நிற்கிறது.

மீதமிருப்பது கதவு. அது உட்பக்கம் திறக்கிறது. அவர் உள்ளே விழுந்து கதவுக்குக் குறுக்கே கிடந்தால் எங்களால் திறக்க முடியாது. பிணைச்சல்களை மாற்றி வெளிப்பக்கம் திறக்க வைக்கத் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். உள்ளே போடும் தாழ்ப்பாளுக்குப் பதிலாக, வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடிய பூட்டு வாங்கி வைத்தாயிற்று. கதவைத் திருப்பினால் அதன் விளிம்பு ஊன்றுகோல் மாட்டும் கொக்கியில் இடிக்கிறது. அந்தக் கொக்கியை வலப்பக்கச் சுவருக்கு, பிடிக்குக் கீழே ஒரு சாண் தள்ளி மாற்ற வேண்டும். அது கொங்கிரீட் சுவர் என்பதால் சாதாரண பிளக்கே போதும்.